பழவேற்காட்டு ஏரியில் ஜப்பான் மோட்டார்

1972, தை மாதத்துச் சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டி பஸ் பிராட்வேயை விட்டுக் கிளம்பியபோது காலை ஏழு மணி. டிக்கெட் ஒரு ரூபாய் இருபது காசு. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்காகச் சந்தோஷப்பட்டிருப்பேன். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊர் பார்க்கும் ஆசையில் புறப்படுகிறவர்கள். நான் புறப்பட்டது பயத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியின் அழகைப் பற்றி இவன் நாலு வரிதான் எழுதியிருக்கிறான் என்று பிறகு யாரும் குறைப்பட வேண்டாம்.

என் மைத்துனன் ஏழுமலை கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கும் ஆலையில் பிட்டராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு ஏரியில் நடக்கப் போகும் படகுப் பந்தயத்தில் அவன் மோட்டார் படகு ஓட்டப் போகிறான் என்று வெள்ளிக்கிழமை மாலை பெரம்பூரில் இருந்த எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்தது. என் மனைவி சரோஜா அன்று இரவு சாப்பிடவில்லை. விடிந்ததும் என்னை எழுப்பி, "எப்டியாவது அவன இட்டுக்கினு வந்துடுங்க. படகுல மட்டும் ஏற வுடாதீங்க" என்றாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா பக்கிங்ஹாம் கால்வாயில் விறகுப் படகு ஓட்டியவர். அந்தக் கால்வாய் பழவேற்காட்டு ஏரிக்குள் புகுந்துதான் ஆந்திரா பக்கம் போகிறது. ஒரு மழைநாளில் ஏரியில் படகு கவிழ்ந்து அவர் போய்விட்டார். அப்போது சரோஜாவுக்குப் பன்னிரண்டு வயது, ஏழுமலைக்கு நாலு. தாயும் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தது அவள்தான். இன்றைக்கும் மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் சரோஜா கதவைச் சாத்திவிடுவாள்.

நானோ நாமக்கல் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் தெரிகிற வட்டம். நீச்சல் தெரியாது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாய், மாடு, போலீஸ்காரர், பட்டாசு எல்லாவற்றுக்கும் வயது வித்தியாசம் பாராமல் பயப்படுவேன். என்னைத் தைரியசாலி என்று இதுவரை யாரும் அபாண்டமாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனைத்தான் சரோஜா அனுப்பியிருந்தாள், வேறு ஆள் இல்லாத குறைதான்.

செங்குன்றம் தாண்டி, காரனோடைப் பாலத்தில் பஸ் ஏறியபோது கீழே ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதைப் பார்த்தே முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். புதுவாயலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கல்கத்தா போகும் லாரிகள் சாலை ஓரம் முழுக்க நின்றன. பஸ் டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்று டீயை ஆற்றினார்.

"சார் கம்பெனி வேலைக்கா போறீங்கோ?"

"இல்லை, மைத்துனனைப் பார்க்க. ஏரியில் படகுப் பந்தயமாம்."

"அட, அந்த மோட்டார் பந்தயமா? இந்த லைன் பூரா அதான் பேச்சு. பாய்மரம் ஜெயிக்குமா, மோட்டார் ஜெயிக்குமான்னு எங்க கண்டக்டர்கூட பெட் கட்டிக்கீறான்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ ஒண்ணும் பேஜார் ஆவாத சார். ஏரியில ஆழம் கெடையாது. மொகத்துவாரத்துகிட்ட மட்டும்தான் இழுப்பு" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சென்னையிலிருந்து சுமார் நாற்பத்தேழு கிலோமீட்டர். அப்போதுதான் அங்கே வயல்களுக்கு நடுவே ஒன்றிரண்டு ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஏழுமலையின் ஆலைக்கு வேலி கிடையாது; பழைய இரும்புக் குவியல்தான் வேலி. துறைமுகத்தில் உடைத்த கப்பல்களின் தகடு, சங்கிலி, தண்டவாளத் துண்டு, சமையல் அடுப்பு, சைக்கிள் சக்கரம், எல்லாம் பனைமர உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உள்ளே உலை திறந்தபோது வாசலில் நின்ற எனக்கே முகம் சுட்டது. இடுப்பில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு நாலு பேர் அதன் முன்னால் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஏழுமலை இரண்டு நாள் லீவு சொல்லிப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். விவரம் வேண்டுமானால் சாமுவேலைக் கேளுங்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து கடையில் இருப்பான் என்றார்.

கடை என்றால் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த சாராயக்கடை. மதுவிலக்கைத் தளர்த்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. தகரக் கொட்டகை, ஒரு மர மேடை, உட்காரப் பலகை கூடக் கிடையாது. காலை பத்து மணிக்கு அங்கே முப்பது பேர் நின்றார்கள். யாரும் பேசவில்லை. கண்ணாடி டம்ளரை வாங்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, நாக்கில் கொஞ்சம் உப்பு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடை. மருந்து குடிக்கிறவர்கள் கூட இவ்வளவு அவசரப்படுவதில்லை. உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவர்கள், தூங்குவதற்காகக் குடிக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் செய்தி கொண்டுவந்தவர் இந்தச் சாமுவேல்தான். மோட்டாரின் கதையை அவர் எனக்குச் சொன்னார்.

"கப்பல் இரும்போட அதுவும் வந்து வுழுந்துச்சு சார். ஜப்பான் மோட்டாரு. மேல எழுதிக்கீற எழுத்த ஒருத்தனாலயும் படிக்க முடியல. உலையில போடச் சொன்னாரு மேஸ்திரி. ஏழுமலை காலப் புடிச்சிக் கெஞ்சி எடைக்கு வாங்கினான். ஆறு மாசம் கழட்டி மாட்டிக்கினே இருந்தான்."

"நன்றாக ஓடுகிறதா?"

"சூப்பரா ஓடுது. நடுவுல நடுவுல நின்னு பூடும், அவ்ளோதான்."

நடு ஏரியில் நின்று போகிற மோட்டாரை நினைத்துக்கொண்டே பாசஞ்சர் வண்டியில் பொன்னேரிக்குத் திரும்பினேன். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் நாற்பத்தைந்து காசு. வழியெல்லாம் சவுக்கும் உப்புக் காற்றும். கடைசித் திருப்பத்தில் ஏரி தெரிந்தது. எதிர்க்கரையே கண்ணில் படவில்லை. தூரத்தில் பூநாரைகள் வெள்ளையும் சிவப்புமாக நின்றிருந்தன. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். என் மாமனாரை விழுங்கிய தண்ணீர் என்ற நினைப்பு இல்லாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

பந்தயம் நடக்கும் குப்பத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்கு வடக்கே மணலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். குப்பத்தின் முகப்பிலேயே கள்ளுக்கடை. கும்மிடிப்பூண்டிக் கடைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பனை ஓலைக் கொட்டகை, உட்கார மணல், சாய்ந்துகொள்ள பனந்தூண். மண் கலயத்தில் கள்ளை ஊற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கலயத்தை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை பேசலாம். வாசலில் ஒரு அம்மாள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். நான் கலர் சோடா கேட்டேன். அது இல்லை என்றதும் இளநீர் கேட்டேன். "இன்னா சார், பால்குடி மறக்காத புள்ளையா?" என்று அவள் சிரித்தாள்.

ஏழுமலை அங்கேதான் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்துவந்து கட்டிக்கொண்டான்.

"மாமா! பந்தயம் பாக்க வந்தியா?"

"உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். அக்கா சாப்பிடவில்லை."

அவன் முகம் மாறியது. பக்கத்தில் இருந்தவர்களை எனக்குக் காட்டினான். கட்டைமீசை வைத்த பெரியவர் கன்னியப்பன். அவருடைய படகில்தான் மோட்டாரை மாட்டியிருந்தார்கள். எதிரில் ஒற்றைக் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒல்லி மனிதர் தேசப்பன். மோட்டாருக்கு எதிராகப் பாய் விரித்து ஓட்டப் போகிறவர். எதிரிகள் இருவரும் ஒரே இலையில் வறுத்த நெத்திலியைத் தின்றுகொண்டிருந்தார்கள். மோட்டார் வந்தால் ஏரியில் மீன் தங்காது என்று ஒரு நாள் இதே கடையில் தேசப்பன் சொல்ல, உன் பாய் காற்று வாங்கும் முன்னே நான் முகத்துவாரம் போய்த் திரும்புவேன் என்று கன்னியப்பன் சொல்ல, பேச்சு பந்தயத்தில் முடிந்திருக்கிறது. தோற்றவர் குப்பம் முழுவதற்கும் கள் வாங்கித் தர வேண்டும்.

ஏழுமலைக்கு மட்டும் அது கள்ளோடு முடிகிற விஷயம் இல்லை. என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னான்.

"மோட்டார் ஜெயிச்சா இன்னும் நாலு பேர் போட்டுக்கலாம்னு கீறாங்க மாமா. நான் இங்கியே ஒரு கொட்டா போட்டு மோட்டார் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்துடுவேன். உலைக்குப் போவ மாட்டேன். அக்காவுக்குத் தண்ணின்னா பயம். எனக்கு அந்த உலைன்னா பயம். என் பக்கத்துல நின்னவன் மேல இரும்பு தெறிச்சிச்சு, அவன் கத்தினது இன்னும் காதுல கீது. இத நான் அக்காகிட்ட சொன்னதில்ல."

அவனிடம் நான் எல்லா வழியும் பேசிப் பார்த்தேன். கோபித்தேன், கெஞ்சினேன், அக்காவுக்கு ஜுரம் என்று பொய் சொன்னேன். எதுவும் ஏறவில்லை. இரவெல்லாம் கன்னியப்பன் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு, கரையில் மோதும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டபடி ஒரு யோசனை செய்தேன். படகுக்கு நாலு பேர் என்று கணக்கு; கன்னியப்பன் படகில் அவர், அவர் தம்பி வேலு, ஏழுமலை, மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆளாக நானே ஏறிக்கொண்டால்? அக்காள் புருஷனை ஏற்றிக்கொண்டு எவன் தலைதெறிக்க ஓட்டுவான்? என் உயிரைக் காட்டி அவன் வேகத்தைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். இதைவிட முட்டாள்தனமான யோசனையை நான் வாழ்நாளில் செய்ததில்லை. ஆனால் பயந்தவனுக்கு அந்த நேரத்தில் அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் துறையில் குப்பமே கூடியிருந்தது. இரண்டு படகுக்கும் கற்பூரம் காட்டினார்கள். கன்னியப்பன் எடை குறைய வேண்டும் என்று பாய்மரத்தையும் பாயையும் கழற்றிக் கரையில் போட்டார். துடுப்புகளையும் போட்டார். தள்ளுவதற்கு ஒரு கழி மட்டும் வைத்துக்கொண்டார். மோட்டார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "நிக்காது நைனா" என்றார். பின்பக்கம் மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடி உடைந்திருந்ததால், ஏழுமலை ஆலையிலிருந்து கொண்டுவந்த போல்ட்டுகளைப் போட்டுப் பலகையோடு இறுக்கி முடுக்கியிருந்தான். அதைத் தட்டிக் காட்டி, "இடி வுழுந்தாலும் கழலாது மாமா" என்றான். நான் படகின் நடுவில் இரண்டு கையாலும் குறுக்குப் பலகையைப் பிடித்து உட்கார்ந்தேன்.

புறப்பாடு எப்படி நடந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது; கண்ணை மூடியிருந்தேன். மோட்டார் மூன்று முறை இருமியது. பிறகு படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் இரண்டு பக்கமும் சுவர் போல எழுந்து விழுந்தது. தேசப்பனின் பாய் வெகு பின்னால் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. நான் கத்தினேன், "மெதுவாகப் போ!" ஏழுமலை சிரித்தான். என்னை வைத்து வேகத்தைக் குறைப்பதாவது! எனக்குக் காட்டுவதற்காகவே இன்னும் திருகினான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இப்படிச் சிரிக்கிறவனை இனி யாராலும் கரைக்குக் கொண்டுவர முடியாது.

முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மூங்கில் நட்டிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். அமாவாசை கழிந்த நாள். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் அலை உடையும் வெள்ளைக் கோடு தெரிந்தது, இரைச்சலும் கேட்டது. நடுவில் வாய்க்கால் மாதிரி ஓட்டமுள்ள இடத்தில் வரிசையாகக் கழிகள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் மடி என்ற வலைப்பை. அது பாடு வலை. முந்தின நாள் கடையில் எனக்கு விளக்கியிருந்தார்கள்: இறால் ஓடும் அந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று குப்பத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் முறை வந்தவன் பாட்டுக்காரன்; அந்த வலைக்கு அன்றைக்கு அவன்தான் ராஜா. அன்றைய பாடு தேசப்பனுடையது.

பாய்ப் படகுகள் வலையைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. அருகில் வந்ததும் முன்னால் நிற்பவன் "தூக்கு!" என்பான். பின்னால் இருப்பவன் சுக்கானைத் தண்ணீரிலிருந்து தூக்குவான். தட்டையான படகு வலையின் தலைக்கயிற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பிறந்தது முதல் கன்னியப்பன் அப்படித்தான் போயிருக்கிறார். அன்றும் படகின் முன்முனையான அணியத்தில் நின்று கையை உயர்த்தி, "தூக்கு!" என்றார். வேலு வழக்கப்படி சுக்கானைத் தேடிக் குனிந்தார். சுக்கான் இல்லை. போல்ட் போட்டு முடுக்கிய மோட்டார் தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு உலுக்கல். நான் முன்னால் போய் விழுந்தேன். மோட்டார் ஒரு முறை கனைத்துவிட்டு நின்றது. விசிறியில் வலை சுற்றிக்கொண்டுவிட்டது.

அப்புறம்தான் இழுப்பு என்றால் என்னவென்று தெரிந்தது. படகின் பின்பக்கத்தை வலை பிடித்துக்கொண்டது, தண்ணீர் பின்னாலிருந்து வந்து மோதியது. கழிகள் வளைந்தன. பின்பலகை மெல்ல மெல்லக் கீழே போயிற்று. முதலில் ஒரு கை தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது, பிறகு தயங்காமல் வரத் தொடங்கியது. வேலு தகரத்தால் மொண்டு கொட்டினார். ஏழுமலை போல்ட்டைத் திருகிப் பார்த்தான்; அவன் முடுக்கியது அவனுக்கே அசையவில்லை.

"வலையை அறுங்கள்!" என்றேன்.

கன்னியப்பன் இடுப்பில் கத்தி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"தேசப்பன் பாடு இது. பாட்டுக்காரன் வாயால சொல்லாம கத்தி வெக்கக் கூடாது."

"சாகப் போகிறோம், ஐயா!"

"வந்துகினு கீறான். வரட்டும்."

நான் அவர் இடுப்புக் கத்திக்குக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பலகையோடு அழுத்தினார். அவர் வாய் விடாமல் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பயம் இல்லை என்று நினைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். பயந்துகொண்டே அவர் அறுக்க மறுத்தார். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தேசப்பனின் பாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் எழுந்து நின்று துண்டை வீசினேன். தண்ணீர் என் கணுக்காலைத் தாண்டியிருந்தது. அவர் படகு எங்களுக்கு இருபது முழம் தள்ளி வந்தது. சுக்கானைத் தூக்கினார்கள், வலையின் மேல் வழுக்கினார்கள், எங்களைக் கடந்து போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள். மூங்கிலைப் பார்த்துத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். ஏழுமலையின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சரோஜாவிடம் இதை யார் போய்ச் சொல்வார்கள் என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடியது.

சற்றுத் தள்ளி அந்தப் பாய் சரிந்தது. நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கழி ஊன்றி எங்கள் முன்பக்கம் வந்தார்கள். கடந்து போனது, அறுத்துவிட்டதும் இழுப்பில் போகிற எங்களைப் பிடித்துக்கொள்ளத்தான். தேசப்பன் கயிற்றை வீசினார். கன்னியப்பன் அதை அணியத்தில் கட்டினார். அதற்குப் பிறகுதான் தேசப்பன் வாயைத் திறந்தார்.

"பாட்டுக்காரன் சொல்றேன். அறு. தலைக்கயிற வுட்டுட்டு மடிய அறு."

கத்தியை ஏழுமலை வாங்கிக்கொண்டான். விசிறி எந்தப் பக்கம் சுற்றும் என்று தனக்குத்தான் தெரியும் என்றான். நான் வேண்டாம் என்றேன். என் குரல் என் காதிலேயே விழவில்லை. தன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தான்.

"நான் ரெண்டு வாட்டி இழுத்தா நீ தூக்கு மாமா. அதுக்கு முன்ன தூக்காத."

அவன் முங்கினான். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கயிறு என் கையில் நெளிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, தூக்கினேன். அவன் மேலே வந்து திட்டினான். மறுபடி முங்கினான். மறுபடியும் பொறுக்காமல் தூக்கினேன். அவன் அக்காவுக்குக் கூடக் கேட்டிருக்கும், அப்படித் திட்டினான். "இன்னொரு வாட்டி சும்மா தூக்கினே, அவ்ளோதான்!" என்று சொல்லி மூன்றாம் முறை முங்கினான்.

இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். படகு ஒரு பக்கம் குலுங்கி விடுபட்டது. பின்பலகை மேலே வந்தது. வேலு கூவினார். கயிறு அசையவில்லை. அவன் இழுப்பான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னானே என்று காத்திருந்தேன். கன்னியப்பன் திரும்பி என்னைப் பார்த்து, "தூக்கு சார், தூக்கு!" என்று அலறிய பிறகுதான் இழுத்தேன். கனம் மாறியிருந்தது. நாங்கள் மூவரும் சேர்ந்து இழுத்தபோது வலையின் அறுந்த துண்டும் அவனோடு வந்தது. அவன் வலது கையும் கழுத்தும் அதில் சுற்றியிருந்தன. உதடு நீலம். அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சரோஜாவின் பெயரைச் சொல்லி அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அவன் தண்ணீரைக் கக்கி, இருமி, கண்ணைத் திறந்து, "மோட்டார் கீதா?" என்றான்.

மோட்டார் இருந்தது. பாய்ப் படகு மோட்டார் படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு துறைக்கு வந்து சேர்ந்தபோது குப்பம் சிரித்த சிரிப்பை நான் எழுதப் போவதில்லை. யாரும் மூங்கிலைச் சுற்றவில்லை. அதனால் யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. சாயங்காலம் கடையில் எல்லோரும் அவரவர் காசில் குடித்தார்கள்.

அங்கேதான் தீர்ப்பு. கன்னியப்பன் வலைக்குப் பணம் தருகிறேன் என்றார். தேசப்பன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பாட்டு வலைக்கு டப்பு வாங்கினா நாளைக்கு எவன் வேணும்னாலும் அறுத்துட்டு டப்பு குடுப்பான். எவன் உசுருக்கு வலைய அறுத்தமோ அவன் குந்தி முடியணும். அதான் எப்பவும்."

எங்கள் நாலு பேர் உயிருக்காகத்தான் அறுத்தது. ஆகவே திங்கட்கிழமை விடிந்ததும் நாலு பேரும் மணலில் உட்கார்ந்தோம். எனக்கும் ஒரு ஊசியும் நூலும் கொடுத்தார்கள். நான் முடிந்த பத்துக் கண்ணைத் தேசப்பன் விரலால் விரித்துப் பார்த்தார். "இதுல மாடே பூந்து போவும் சார். நீ ஊட்டுக்குப் போ" என்று எனக்கு மட்டும் விடுதலை கொடுத்தார். ஏழுமலைக்கு விடுதலை இல்லை. மடி முழுவதும் முடிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். பத்து நாளோ பதினைந்து நாளோ என்றார்கள். ஆலையில் அத்தனை நாள் லீவு தர மாட்டார்கள், வேலை போய்விடும் என்று நான் ஏழுமலையிடம் சொன்னேன். அவன் நிமிராமல் முடிந்துகொண்டே, "தெரியும் மாமா" என்றான். அவன் அதற்கு வருத்தப்படவில்லை. வலை முடிந்த பிறகும் அவன் திரும்பி வரமாட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மோட்டாரைத் தூக்கிக்கொள்ளும்படி ஒரு கீல் வைக்க வேண்டும் என்று அவனும் தேசப்பனும் பேசிக்கொண்டிருந்தார்கள். மீன் தங்காது என்ற அதே தேசப்பன்தான்.

பொன்னேரி வந்து ரயில் பிடித்துப் பெரம்பூர் வீட்டை அடைந்தபோது நண்பகல். சரோஜா கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"தம்பி எங்க?"

"உயிரோடு இருக்கிறான். நன்றாக இருக்கிறான். உட்கார், சொல்கிறேன்."

அவனுக்கு நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். உலையை, அவன் பக்கத்தில் நின்றவனை, கள்ளுக்கடையை, வலையை, நீல உதட்டை. ஒளித்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தம்பி தண்ணீருக்கு அடியில் இருந்த இடம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில், உலைக்குப் போகாமல் இருந்தால் சரி என்றாள். அவ்வளவு எளிதாக அவள் அதை ஏற்றுக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தேன்.

"இவ்ளோ பெரிய ஏரியில, கரையிலேர்ந்து உங்களுக்கு இதெல்லாம் எப்டித் தெரிஞ்சிச்சு?" என்றாள்.

"கரையில் எங்கே இருந்தேன்? அந்தப் படகில்தானே நானும் இருந்தேன்."

சரோஜா என்னைப் பார்த்தாள். உப்புப் பூத்து விறைத்திருந்த என் வேட்டியை, நூல் கிழித்திருந்த விரல்களை அப்போதுதான் பார்த்தாள். நின்றிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதிய பயம் ஒன்று அவள் முகத்தில் ஏறியதைக் கண்டேன். தம்பிக்காகக் கூட அவள் அப்படி ஆனதில்லை.

"உங்கள ஏறாதீங்கன்னு நான் சொல்லவே இல்லியே" என்றாள். "அவனத்தான் சொன்னேன். உங்கள நான் சொல்லவே இல்லியே."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கையைப் பிடித்தவள் விடவில்லை. அன்று நான் ஜவுளிக்கடைக்குப் போகவில்லை.